வராந்தாவில் நிற்கும் பெட்ரோல் பம்பு

நண்பர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் பழம்பொருள் பார்க்கப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. ஜூ டவுனில், 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளியை ஒட்டிய தெருவில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் குவித்து வைத்திருந்த கிட்டங்கிகள் பல இன்று பழம்பொருள் கடைகள். வீட்டுத் தூண்கள், கப்பல் விளக்குகள், பீங்கான் ஜாடிகள் என்று எல்லாவற்றையும் தாண்டி, பின்கட்டில் சாய்ந்து கிடந்த ஒரு பெட்ரோல் பம்பின் மேல் அந்தக் காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் சிரித்தார். "சாரே, இது தங்கம் அல்ல."

காந்தம் பல இடங்களில் டக்கென்று ஒட்டியது. அடிப்பாகத்தில் இரண்டு இடங்களில் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே தகரம் இல்லை. துரு தின்ற ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும் என்பதால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி இருந்தாலே கை உணர்ந்துவிடும். விலையில் கணிசமாகக் குறைத்துப் பேச அந்த இரண்டு இடமும் உதவின.

பம்பு இப்போது இடப்பள்ளியில், நண்பர் வீட்டு வராந்தாவில் நிற்கிறது. பொருத்தமான ஊர்தான். சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பன்வேலிலிருந்து கன்னியாகுமரி போகும் 66ஆம் எண் சாலையைத் தொடுவது இங்கேதான். அந்தச் சாலைகளில் ஓடிய வண்டிகளுக்கு எங்கேயோ நின்று எண்ணெய் ஊற்றிய இயந்திரம் அது. மாலை ஆறரைக்கு அதன் தலையில் உள்ள வெள்ளைக் கண்ணாடி உருண்டை எரிகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

வயது என்ன? கடைக்காரர் "பிரிட்டிஷ் காலம்" என்று சாதித்தார். பம்பே அதை மறுத்தது. முகப்பில் லிட்டர், ரூபாய், பைசா என்று இருக்கிறது. தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. 1964 வரை அதன் பெயர் 'நயா பைசா'. வெறும் பைசா என்று இருப்பதால் 1964க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். இன்னொரு சாட்சி பெயிண்டில் இருந்தது. மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தபோது, மரத்தின் ஆண்டு வளையம் போல நிறங்கள் வட்டமாக வெளிப்பட்டன. மேலே நீலம், அதன் கீழே மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சளோடு சிவப்பு. அந்தச் சிவப்பும் மஞ்சளும் பர்மா ஷெல் நிறங்கள். 1976இல் அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 1977இல் அது பாரத் பெட்ரோலியம் ஆனது. ஆகவே 1964க்கும் 1976க்கும் இடையில் பிறந்த பம்பு. வெள்ளைக்காரன் போய் இருபது வருஷம் ஆகியிருக்கும்.

பெட்ரோல் பம்பின் கதை மண்ணெண்ணெயில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் ஊரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் 1885இல் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு மண்ணெண்ணெய் இறைத்துக் கொடுக்கும் பம்பு ஒன்றைச் செய்து விற்றார். கார்கள் வந்ததும் அதுவே பெட்ரோலுக்கு மாறியது. இலங்கைத் தமிழர் இன்றும் எரிபொருள் லாரியையும் தண்ணீர் லாரியையும் 'பவுசர்' என்பது இந்த மனிதரின் பெயரால்தான்.

நிலத்தடித் தொட்டியிலிருந்து குழாய் வழியே வரும் பெட்ரோலை வாங்குபவர் பார்க்க முடியாது. ஒரு காலன் என்று சொல்லி முக்கால் காலன் விட்டால் யாருக்குத் தெரியும்? இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் பம்பின் தலைமேல் கண்ணாடி உருளை ஏறியது. கடைக்காரர் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி, கோடு போட்ட உருளைக்குள் பெட்ரோலை ஏற்றுவார். வாங்குபவர் அளவைக் கண்ணால் பார்த்த பிறகு அது தன் எடையாலேயே வண்டிக்குள் இறங்கும். நிறுவனங்கள் பெட்ரோலுக்குச் சிவப்பு, நீலம் என்று சாயம் கலந்தன. தெருமுனையில் வண்ணத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தூண் நிற்பது போல இருந்திருக்கும். அந்தக் காலத்துப் பம்பு கிடைத்தால் இன்று கொள்ளை விலை.

மேலே உறிஞ்சி ஏற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. நாம் இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் கீழிருந்து தள்ளுகிறது. தண்ணீரை அது சுமார் 10 மீட்டர் தள்ளும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, 14 மீட்டர் ஏறவேண்டும் அல்லவா? ஏறாது. வெயில் நாளில் பெட்ரோலின் சொந்த ஆவியழுத்தமே 60 கிலோபாஸ்கல் வரை போகும். காற்றின் 101 கிலோபாஸ்கலில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 41. அதற்கு ஐந்தரை மீட்டர் உயரம்தான் கணக்கு. குழாயின் உராய்வையும் கழித்தால் இன்னும் கீழே. அதைத் தாண்டினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழியாகும், பம்பு வெறுமனே சுற்றும். இன்றைய பல பெட்ரோல் பங்க்குகளில் மோட்டாரை நிலத்தடித் தொட்டிக்குள்ளேயே இறக்கி, கீழிருந்து தள்ள வைப்பது இதனால்தான்.

நண்பரின் பம்பில் கண்ணாடி உருளை இல்லை. அதன் இடத்தில் எண் சக்கரங்கள். 1930களில் அமெரிக்காவில் வந்த இந்தக் 'கணக்குப் பம்பு' என்னைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிக்குள் உள்ள மிக அழகான பொருள். மின்சாரமே தொடாத ஒரு பெருக்கல் இயந்திரம் அது. அடியில் பிஸ்டன் வைத்த மீட்டர். பெட்ரோல் உள்ளே புகுந்து பிஸ்டனைத் தள்ளினால்தான் வெளியேற முடியும். ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை மில்லி என்று கட்டுப்பட்ட அளவு. அந்தச் சுழற்சி ஒரு தண்டு வழியாக மேலே ஏறி, கோயில் கோபுரம் போலப் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும் பல்சக்கர அடுக்கைச் சுற்றுகிறது. ஒன்பது படி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. விலையின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கை அந்தக் கோபுரத்தின் ஏதோ ஒரு படியில் போய்ப் பல் கோக்கும். எடுத்துக்காட்டாக, விலை 3 ரூபாய் 47 பைசா என்றால் ஒரு கை மூன்றாம் படியில், அடுத்தது நான்காவதில், மூன்றாவது கை ஏழில். மூன்று கைகளின் சுழற்சியையும், இலக்கத்துக்கு ஏற்பப் பத்தில் ஒன்றாகவும் நூறில் ஒன்றாகவும் குறைத்து, வேறுபாட்டுப் பல்சக்கரங்கள் கூட்டுகின்றன. காரின் பின் அச்சில் இருக்கும் 'டிஃபரன்ஷியல்' செய்யும் அதே வேலை. கூட்டிய சுழற்சி ரூபாய்ச் சக்கரத்தைத் திருப்பும். கையால் ஒரு லிட்டர் அளவுக்குச் சுற்றிப் பார்த்தோம். கிரீஸ் காய்ந்து பாகாகியிருந்தும் 3.47 என்று வந்து நின்றது. நண்பரின் மகள் கைபேசியில் பெருக்கிச் சரிபார்த்தாள்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் இலக்கங்களில் இருந்தது. மூன்று கை என்றால் மூன்று இலக்கம்தான். அமெரிக்காவில் 1979இல் காலன் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது, 99.9 சென்ட்டுக்கு மேல் காட்ட முடியாத பம்புகளில் அரை காலன் விலையை வைத்து, "இரண்டால் பெருக்கிக்கொள்ளவும்" என்கிற பாணியில் அட்டை மாட்டினார்கள். நண்பரின் பம்பால் லிட்டருக்கு 9 ரூபாய் 99 பைசா வரை காட்ட முடியும். கொச்சியில் இன்று லிட்டர் 100 ரூபாய்க்கு மேல்.

இனி வேலைக்கு வருவோம். பழைய பம்பைத் திறக்கும்போது முதல் எதிரி துரு அல்ல, ஆவி. நெடுங்காலம் பெட்ரோல் தொடாத பம்பிலும் மீட்டரின் அடியில், காற்றுப் பிரிப்பானில், ஹோஸின் மடிப்பில் கொஞ்சம் தங்கியிருக்கும். 50 மில்லி, ஒரு சின்னக் கிளாசில் பாதி, எவ்வளவு பெரிய விஷயம்? கணக்குப் போடலாம். அது முழுக்க ஆவியானால் சுமார் 9 லிட்டர் ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் பொறி பட்டதும் பிடிக்கும். பம்பின் உட்பெட்டி ஏறத்தாழ 400 லிட்டர் கொள்ளும். அதில் 9 லிட்டர் ஆவி என்றால் 2 சதவீதத்துக்கு மேல். சரியாகப் பிடிக்கிற அளவு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் எழுந்து போகாமல் அடியிலேயே படுத்திருக்கும். கிரைண்டரையும் வெல்டிங்கையும் எடுப்பதற்கு முன் எல்லா இணைப்பையும் கழற்றி வடித்து, மீட்டரைக் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு வெட்டவெளியில் ஒரு வாரம் நிறுத்தவேண்டும். வாடை வந்தால் இன்னொரு வாரம். எங்கள் டிங்கர் பையன், பழநிப் பக்கத்துக்காரன், முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நாளைக்கு வரேன்" என்று கிளம்பிவிட்டான். நல்ல தொழில்காரன்.

பிறகு துரு. கொச்சியில் வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, பக்கத்தில் காயல், எதிரே கடல். சுத்தமான இரும்பு காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மிக மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். கொச்சி அந்த அளவுக்கு உலர்வது அபூர்வம். அதோடு உப்பு. அடுக்களையில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் நீர் கோக்கும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். கடற்காற்று கொண்டுவந்த உப்புத்தூள் பம்பின் தகரத்தின் மேல் படிந்திருந்தால், மழை இல்லாத நாளிலும் அந்தத் தகரம் நனைந்தே இருக்கிறது.

ஒரு சொட்டு நீர் இரும்பின் மேல் நின்றால் என்ன நடக்கும் என்பதைக் கேம்பிரிட்ஜின் யு. ஆர். எவன்ஸ் எளிய சோதனையால் காட்டினார். சொட்டின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கரைகிறது, நடுவில் பற்றாக்குறை. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சின்ன பேட்டரி. நடுவில் இரும்பு கரைந்து எலக்ட்ரானை விடுகிறது, ஓரத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. ஆக, அரிப்பு நடப்பது காற்று குறைந்த இடத்தில். மடிப்புகளுக்குள், போல்ட்டின் அடியில், மண் அப்பிய கீழ் விளிம்பில் தகரம் முதலில் போவதற்குக் காரணம் இதுதான். துருவுக்கு இரும்பைவிட இடமும் அதிகம் வேண்டும். அது வீங்கிப் பெயிண்டைத் தூக்குகிறது. தூக்கிய இடத்தில் இன்னும் ஈரம் நுழைகிறது.

அதனால் சுரண்டுவதற்கு முன் கழுவவேண்டும். நல்ல தண்ணீரால், பல தடவை, குழிகளுக்குள் பிரஷ் விட்டு. உப்பு உள்ளே இருக்க மேலே பெயிண்ட் அடித்தால் மூன்றே மாதத்தில் கொப்புளம் கிளம்பும். கதவு பிடி, கொக்கி, போல்ட் போன்ற சிறு சாமான்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி: பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி சலவைச் சோடா, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த துண்டில் எதிர்முனை, பக்கத்தில் தொங்கும் வெறும் இரும்புத் துண்டில் நேர்முனை. துருவின் ஒரு பகுதி கருத்து உறுதியாகும், குமிழிகள் மீதியை உதிர்க்கும். சாப்பாட்டு உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வரும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனைத் தொங்கவிட்டால் நச்சுள்ள குரோமியம் கரையும். அலுமினியச் சட்டங்களை இந்தத் தண்ணீர் தின்றுவிடும், முன்பே கழற்றவேண்டும். குமிழிகளில் ஹைட்ரஜன் இருப்பதால் வேலை வீட்டுக்கு வெளியே.

வாளிக்குள் அடங்காத பெரிய தகடுகளுக்கு உப்புத்தாளும் துரு மாற்றியும்தான். கடையில் விற்கும் துரு மாற்றிகளில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின் இருக்கும். டானின் நமக்குப் புதிதல்ல. அன்னபேதியோடு கடுக்காய் சேர்த்து மை காய்ச்சிய ஊர் இது. அன்னபேதியில் இரும்பு, கடுக்காயில் டானின், இரண்டும் சேர்ந்த கருநீலமே அந்த மை. துருவின் மேல் டானின் பட்டாலும் அதே கருநீலம், அதே வேதியியல். பம்பின் அடிப்பாகத்தில் அதைத் தடவிய அன்று தகடு முழுக்க யாரோ மை கொட்டியது போல இருந்தது.

ஓட்டை விழுந்த இரண்டு இடங்களையும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். பட்டி வேண்டாம் என்று நண்பர் பிடிவாதம். பெயிண்ட் பற்றி ஒரே எச்சரிக்கை: பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பருவமும் முக்கியம். அவசரப்பட்டு ஜூன் மாதத்தில் ஒரு கதவுக்கு ஸ்பிரே அடித்தார் நண்பர். பத்து நிமிடத்தில் சிவப்புப் பெயிண்ட், பால் கலந்தது போலப் பூத்துப்போனது. தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் பனியாக இறங்கிப் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பது பெயிண்டர்களின் கைவிதி. ஜனவரியில் திரும்ப அடித்தார். எண் சக்கரங்களையும் முகப்புத் தகட்டையும் மட்டும் தொடவில்லை. மீட்டரில் தொங்கிய பழைய ஈய முத்திரையையும் கம்பியோடு அப்படியே விட்டார். அவற்றுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது ஓலைச்சுவடிக்கு வார்னிஷ் அடிப்பது மாதிரி. என் கட்சி இதில் திடமானது.

கடைசியில் விளக்கு. பம்பின் தலையில் உருண்டை வைத்தது அழகுக்காக மட்டுமல்ல. இருட்டுச் சாலையில் வரும் ஓட்டுநருக்குத் தொலைவிலிருந்தே இங்கே எண்ணெய் உண்டு, இன்ன நிறுவனத்துடையது என்று சொல்ல. இந்தப் பம்பின் உருண்டை காணாமல் போயிருந்தது. மட்டாஞ்சேரியிலேயே பழைய வராந்தா விளக்கின் பால்கண்ணாடி உருண்டை ஒன்று அளவாகக் கிடைத்தது. பால்கண்ணாடியில் வெள்ளைச் சாயம் எதுவும் கிடையாது. உருகிய கண்ணாடியில் ஃபுளோரைடு போன்றவற்றைச் சேர்த்து ஆறவிடும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளே உருவாகின்றன. ஒளி அவற்றில் மோதி மோதித் திசை மாறி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதபடி உருண்டை முழுவதும் சமமாக வழிகிறது. மேகமும் பாலும் வெள்ளையாக இருப்பது இதே சிதறலால். பிளாஸ்டிக் நகல்கள் மலிவு. ஆனால் பல்பின் பொட்டு உள்ளே பளிச்சென்று தெரிந்து மானத்தை வாங்கும்.

முன்பு இதற்குள் 60 வாட் குண்டு பல்பு எரிந்திருக்கும். அது தின்ற மின்சாரத்தில் ஒளியானது 5 சதவீதம் அளவுக்குத்தான், மீதி சூடு. எல்இடி குளிர்ச்சியானது என்று நம்பி மூடிய உருண்டைக்குள் பெரியதாகப் போட்டாலும் சிக்கல். அதன் அடியில் உள்ள மின்சுற்றின் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பாதி ஆயுளை இழக்கும். அதனால் உருண்டைக்கு 5 வாட், எண் சக்கரங்களுக்குப் பின்னால் 4 வாட் பட்டை. நிறம் 2700 கெல்வின், அதாவது பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளையைப் போட்டுப் பார்த்தோம். மெடிக்கல் ஷாப் ஆகிவிட்டது.

இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோவது கொச்சியின் ஈரத்தில் வம்பை விலைக்கு வாங்குவது. நனைந்த உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட் என்றால் 230 மில்லி ஆம்பியர். வீட்டுக் கசிவு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி வைத்திருப்பது அதற்கு மேல் இதயம் தாளம் தப்பும் என்பதால். நண்பர் அடாப்டரைச் சுவரிலேயே விட்டுவிட்டு, பம்புக்குள் 12 வோல்ட் மட்டும் அனுப்பினார். பழைய மோட்டாரின் ஒயர்களை வெட்டி முனைகளை மூடியாயிற்று. தலையில் இருப்பது நம் ஊர் பின் ஹோல்டர்தான், வீட்டு பல்பு அதில் அப்படியே மாட்டும். ஆகவே உள்ளே "12 வோல்ட் மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். நீங்கள் 230 வோல்ட்டையே கொண்டுபோவதானால், மூன்று முனை பிளக்கும் பெட்டியின் இரும்போடு திருகிய எர்த் ஒயரும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இரண்டு விளக்கும் சேர்ந்து 9 வாட். தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் மாதம் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். கணக்குக்கு, அந்த இரண்டு விளக்கும் எட்டு மாதத்துக்கு மேல் எரிய அது போதும்.